பீரங்கி ஓய்ந்தபின் வந்த சித்திரக்காரர்கள்

பழைய சேலம் ஜில்லா: அத்தியாயம் 17

1792 மார்ச் மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பினியோடு உடன்படிக்கை செய்துகொண்டதைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். ராஜ்யத்தில் பாதி கைமாறியது. நம் பக்கத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமையான பாரமகால் முழுவதும் போயிற்று. அதற்குத் தெற்கே சேலம், சங்ககிரி, நாமக்கல் சமவெளி காவிரி வரைக்கும் போயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரூரும் ஈரோடும் இன்னும் ஏழு வருஷம் திப்புவிடமே இருந்தன. மோகனூர்க் கரையில் மாடு குளிப்பாட்டியவனுக்கு எதிர்க்கரை ஒரே நாளில் வேறு ராஜாவின் நாடாகிவிட்டது.

உடன்படிக்கையின் மை காய்ந்து பத்துப் பன்னிரண்டு நாளில், மார்ச் 29ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து கடல்வழியாக இரண்டு ஆங்கிலேயர்கள் சென்னைப்பட்டணத்தில் வந்து இறங்கினார்கள். ஒருவருக்கு வயது 43, மற்றவருக்கு 23. சிறிய தகப்பனாரும் அண்ணன் மகனும். சிப்பாய்களும் இல்லை, வியாபாரிகளும் இல்லை. சித்திரக்காரர்கள். பெரியவர் பெயர் தாமஸ் டேனியல், இளையவர் வில்லியம் டேனியல். ஏப்ரல் இரண்டாம் வாரமே பல்லக்கு, கூடாரம், மாட்டுவண்டி, வேலையாட்கள் என்று ஒரு சிறு ஊரையே கட்டிக்கொண்டு மைசூர்ச் சீமை நோக்கிப் புறப்பட்டார்கள். போர் நடந்த மலைக்கோட்டைகளைப் படமாக்குவது அவர்கள் நோக்கம்.

நம் மலைகளும் கோட்டைகளும் கல்லிலும் கல்வெட்டிலும் பாட்டிலும் ஏற்கெனவே இருந்தவைதான். காகிதத்தில் அச்சாகி உலகம் முழுவதும் விலைக்குப் போனதில் இந்த இருவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் இந்த அத்தியாயத்தைக் கலெக்டர்களுக்கும் ஜமாபந்திக்கும் கொடுக்காமல் இவர்களுக்குக் கொடுக்கிறேன்.

தாமஸ் டேனியல் 1749இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையில் செர்ட்ஸி என்ற ஊரில் சத்திரம் நடத்தினார். பையன் முதலில் கோச்சு வண்டிகளுக்குச் சாயம் பூசும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தான். அந்தக் காலத்துப் பிரபுக்களின் வண்டிக் கதவில் குலச்சின்னம் எழுத வேண்டும். பூ வேண்டும், கொடி வேண்டும், சில வண்டிகளுக்கு ஒரு சிறு நிலக்காட்சியே வேண்டும். நம் ஊரில் தேர்ச்சீலை எழுதியவர்களின் வேலைக்கு ஒப்பானது அது. அந்தப் பட்டறையிலிருந்து 1773இல் ராயல் அகாடமியின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் லண்டனில் நிலக்காட்சி எழுதுகிறவர்கள் ஏராளம், வாங்குகிறவர்கள் கொஞ்சம். அண்ணன் இறந்தபின் அவர் மகன் வில்லியத்தைத் தம் பொறுப்பில் எடுத்து வளர்த்துத் தொழிலும் பழக்கினார் தாமஸ். 1785இல் கும்பினியின் அனுமதி வாங்கிக்கொண்டு இருவரும் கிழக்கே கப்பலேறியபோது வில்லியத்துக்கு வயது 16.

சீனாவைத் தொட்டுக்கொண்டு 1786இல் கல்கத்தா வந்தார்கள். அங்கே செய்த முதல் காரியம் அந்த நகரத்தையே பன்னிரண்டு படங்களாக அச்சிட்டு விற்றது. செப்புத் தகட்டில் படம் செய்து அச்சடிக்கும் வேலைக்கு அங்கே ஆள் கிடைக்கவில்லை. வங்காளிக் கைவினைஞர்களை வைத்துக்கொண்டு தாங்களே எல்லாம் செய்தார்கள். 1788இல் தொடங்கி மூன்று வருஷம் கங்கைக்கரை ஓரமாக வடக்கே போனார்கள். தில்லி, ஆக்ரா எல்லாம் பார்த்து இமயத்தின் அடிவாரத்தில் கார்வால் ஸ்ரீநகர் வரைக்கும் எட்டினார்கள். திரும்பி வந்து தீட்டிய எண்ணெய் ஓவியங்களை லாட்டரி போட்டு விற்றார்கள். சீட்டு வாங்கியவருக்குக் குலுக்கலில் ஒரு படம் விழும். அந்தப் பணம்தான் அவர்களைத் தெற்கே கொண்டுவந்தது.

சரியாக 1792இல் ஏன் வந்தார்கள்? அன்றைய இங்கிலாந்தில் மைசூர் என்ற பெயருக்கு அவ்வளவு கிராக்கி. ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையைப் பலமுறை புறங்காட்ட வைத்தவர்கள். கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வென்றதும், திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துவந்ததும் லண்டன் பத்திரிகைகளில் பெரும் செய்தி. படையோடு போன ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் மைசூர்க் காட்சிகளை ஒரு புத்தகமாகவே 1794இல் கொண்டுவந்தார். கோல்புரூக், ஆலன் போன்ற படை அதிகாரிகளும் தங்கள் படங்களை அச்சேற்றினார்கள். போட்டி பலமாக இருந்தது. டேனியல்கள் ஒருநாளும் போர்க்களத்தில் நின்றவர்கள் அல்லர். படை போய்வந்த தடத்தில், படை போனபின் போனார்கள்.

தடம் என்றால் எப்படிப்பட்ட தடம்? ஒரு வருஷத்துக்கு முன்னால், 1791 ஜூலையில், ஓசூர் கும்பினி கையில் விழுந்திருந்தது. அதே மாதம் மேஜர் கௌடி ராயக்கோட்டையைப் பிடித்தார். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து மேலே ஓசூர்ப் பீடபூமிக்கு ஏறும் வழிக்குக் காவல் ராயக்கோட்டை. அதை வைத்திருப்பவன் கையில் அந்த வழி. நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற கும்பினித் தளபதி கிருஷ்ணகிரியைத் தாக்கிப் பார்த்து முடியாமல் திரும்பினார். கிருஷ்ணகிரி மலை கடைசிவரை சண்டையில் விழவில்லை, உடன்படிக்கையில்தான் கைமாறியது. இதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு தலைமுறையாகப் படைகள் மேலும் கீழும் நடந்த நாடு அது. சித்திரக்காரர்களின் பல்லக்கு அந்த வழியாகப் போனபோது பாதையோரத்து ஊர்கள் என்ன நிலையில் இருந்திருக்கும் என்று படிப்பவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாரமகால் என்றால் பன்னிரண்டு கோட்டை என்று பெரியவர்கள் சொல்வார்கள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் வரும். டேனியல்கள் பின்னாளில் லண்டனில் அச்சிட்ட பெரிய தொகுதியில் நம் ஊர்க்காரர் உடனே கண்டுகொள்ளக்கூடிய பெயர்கள் நான்கு: ஓசூர், ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், ஜகதேவி. ஜகதேவியை அடுத்த இன்னொரு மலைக்கோட்டையோடு சேர்த்து ஒரே படமாக எழுதியிருக்கிறார்கள். 1965இல் தர்மபுரி பிரியும்வரை இந்த நான்கும் சேலம் ஜில்லாதான். பிறகு 1997இல் நாமக்கல்லும் 2004இல் கிருஷ்ணகிரியும் தனித்தனி மாவட்டங்களாயின. படங்கள் பழைய ஜில்லாவின் வடபாதிக்கு உரியவை. பாரமகாலிலிருந்து அவர்கள் தெற்கே இறங்கித் திண்டுக்கல், மதுரை, பாபநாசம், குமரிமுனை வரைக்கும் போய், தஞ்சாவூர், திருச்சி பார்த்துக்கொண்டு 1793 ஜனவரியில் சென்னைக்குத் திரும்பினார்கள். திருச்சி மலைக்கோட்டையைக் காவிரியிலிருந்து பார்த்து எழுதிய படம் அவர்களுடைய சிறந்த படங்களில் ஒன்று. அதில் ஓடுவது மோகனூர் தாண்டிவந்த தண்ணீர்.

அவர்கள் படம் எழுதிய முறையைச் சொல்ல வேண்டும். கேமரா அப்ஸ்கியூரா என்ற இருட்டுப்பெட்டி ஒன்றைக் கூடவே கொண்டுபோனார்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் கண்ணாடி வில்லை. எதிரே உள்ள மலையும் மதிலும் அதன் வழியே பெட்டிக்குள் விழும். உள்ளே விழும் உருவத்தின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் கோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நிதானமாக மையும் நீர்வண்ணமும் ஏற்றுவார்கள். அவர்களுக்கு முன்னால் இந்தியாவுக்கு வந்து படம் எழுதியவர் வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கோடு பசிபிக் கடல் சுற்றியவர். டேனியல்கள் வடநாட்டில் பயணம் போனபோது ஹாட்ஜஸின் அச்சுப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்திலேயே நின்று, அவர் எங்கெங்கே அளவு தப்பினார் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தங்கள் படத்தில் அப்படி ஒரு குறை யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வைராக்கியம் அவர்களுக்கு இருந்தது. இந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். இன்று மதிலில் பாதி சரிந்து, முள்ளும் கள்ளியும் மூடிக்கிடக்கும் கோட்டை ஒன்று 1792இல் எப்படி நின்றது என்று தெரிந்துகொள்ள, அந்த இருட்டுப்பெட்டிக் கோடுகளைவிட நம்பகமான சாட்சி நமக்கு அதிகம் இல்லை.

1794 செப்டம்பரில் இருவரும் லண்டன் திரும்பினார்கள். வரும் வழியில் பம்பாயையும் சீனாவையும் பார்த்துவிட்டார்கள். ஏறக்குறைய பத்து வருஷத்து நாடோடி வாழ்க்கை முடிந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான உழைப்பு.

மூட்டைமூட்டையாகக் கொண்டுபோன வரைபடங்களை அச்சாக்க அவர்கள் எடுத்துக்கொண்ட முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். அது பிரெஞ்சுக்காரர் கண்ட முறை. ஜான் பாப்டிஸ்ட் லப்ரான்ஸ் என்ற ஓவியர் ருஷ்யாவில் சுற்றிவிட்டு வந்து, தம்முடைய மைச்சாய ஓவியங்களை அதே சாயலில் அச்சில் கொண்டுவர முடியுமா என்று பரீட்சை செய்து 1760களின் கடைசியில் இதைப் பக்குவப்படுத்தினார். சில வருஷத்தில் பால் சாண்ட்பி அதை இங்கிலாந்தில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதுவரை அமிலத்தால் செப்புத்தகட்டில் செய்த படம் என்றால் பெரும்பாலும் கோடுதான். நிழல் காட்ட வேண்டுமானால் கோடுகளை நெருக்க வேண்டும். அக்வாடின்டில் நிழலே நிழலாக விழும்.

செய்முறை இது. நன்றாக மெருகேற்றிய செப்புத்தகட்டின்மேல் பிசினை மாவாக அரைத்துத் தூவுவார்கள். தகட்டை அடியில் இளஞ்சூடாகக் காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை அமிலத்தில் இறக்குவார்கள். துகள் ஒட்டிய இடம் தப்பும். துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளியை மட்டும் அமிலம் தின்னும். படத்தில் வெளுப்பாக இருக்க வேண்டிய வானத்தை முதலிலேயே வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். கொஞ்ச நேரம் தின்னவிட்டு எடுத்து, மங்கல் சாயல் வேண்டிய தூரத்து மலையை மூட வேண்டும். மறுபடி இறக்க வேண்டும். அடுத்து நடுத்தூரத்து மரம், கடைசியாகக் கண்முன் கிடக்கும் பாறையின் நிழல். இப்படிப் பலமுறை மூடி மூடி இறக்கியபின் தகட்டில் ஆழமான இடம், மேலோட்டமான இடம் என்று படிப்படியாகக் குழிகள் விழுந்திருக்கும். மையைத் தேய்த்துத் துடைத்துவிட்டு ஈரக்காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் குழியின் ஆழத்துக்கேற்ப மை ஏறும். ஒரு நிமிஷம் தவறி அமிலத்தில் விட்டால் வீரபத்திரதுர்க்கத்து வானம் கறுத்துப்போகும். வாரக்கணக்கான வேலை வீண். அச்சான ஒவ்வொரு தாளுக்கும் பிறகு கையால் நீர்வண்ணம் பூச வேண்டும்.

அந்த வேலையின் பாரத்தைப் பெரிதும் சுமந்தவர் வில்லியம். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் நள்ளிரவு வரை வருஷக்கணக்கில் உழைத்தார் என்று அவர்களை அறிந்த ஃபாரிங்டன் என்ற ஓவியர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக, மொத்தம் 144 படங்களோடு, ‘ஓரியன்டல் சீனரி’ வெளிவந்தது. முழுத்தொகுதியின் விலை 200 பவுனுக்கு மேல். சாமானியன் வாங்குகிற சரக்கு அல்ல அது. கும்பினி இயக்குநர்களும் பிரபுக்களும் இந்தியாவில் பணம் சேர்த்துத் திரும்பியவர்களும் வாங்கினார்கள். படங்களை வைத்துக்கொண்டு வீடு கட்டியவர்களும் உண்டு. செசின்கோட் என்ற மாளிகைத் தோட்டத்துக்குச் சின்னக் கோயிலும் பாலமும் வரைந்துகொடுத்தவர் தாமஸ் டேனியலே. தட்டு, கோப்பை செய்கிற ஸ்டாஃபோர்ட்ஷைர் குயவர்கள் இந்தப் படங்களை நீல மையில் பீங்கானுக்கு மாற்றினார்கள்.

இந்தப் படங்களைப் பார்த்துப் பரவசப்படுவது சுலபம். நானும் பரவசப்பட்டிருக்கிறேன். ஆனால் நம் மண்ணில் நின்று பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கடமை இருக்கிறது.

டேனியல் படங்களின் பொதுவான அமைப்பைக் கவனியுங்கள். உச்சியில் மதில். நடுவில் பாறைச்சரிவும் மரமும். அடியில், படத்தின் விளிம்போரத்தில், விரலளவுகூட இல்லாத மனிதர்கள்: மாடு ஓட்டுகிறவர், சுமை தூக்குகிறவர், ஓய்வெடுக்கிறவர். மலை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்கு அளவுகோலாக அவர்களை வைத்திருக்கிறார்கள். கோட்டையில் புகை இல்லை, பீரங்கி இல்லை, முற்றுகை இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஆட்கள் செத்துவிழுந்த சரிவில் மாலை வெயில் அழகாக விழுகிறது. கோட்டை தோற்றபிறகுதான் காட்சியாயிற்று. அது தோற்காதவரை அங்கே நின்று நிதானமாக இருட்டுப்பெட்டியைத் திறக்க எந்த வெள்ளைக்காரனாலும் முடிந்திருக்காது. படத்தின் கீழே எழுதியவர், செதுக்கியவர் என்று இரண்டு டேனியல்களின் பெயரும் அச்சாகியிருக்கிறது. பல்லக்கைக் கணவாயில் ஏற்றியவர்கள், துபாஷி, சமையற்காரர், கூடாரம் அடித்தவர்கள், தாகத்துக்குச் சுனை எங்கே இருக்கிறது என்று காட்டிய ஊர்க்காரர், ஒருவர் பெயரும் இல்லை. அவர்கள் இல்லாமல் இந்த மலைப்படங்களில் ஒன்றுகூட உருவாகியிருக்காது.

லண்டனில் மலைக்கோட்டை அழகுக்காட்சியாக விலைபோய்க்கொண்டிருந்த அதே வருஷங்களில் நம் சமவெளியில் கோட்டை இன்னும் கோட்டையாகவே இருந்தது. சங்ககிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வாசல் வைத்த மலை. கும்பினி அதில் படையை வைத்திருந்தது. கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரி, நாம் தீரன் சின்னமலை என்று கொண்டாடுகிறவர், திப்பு 1799இல் வீழ்ந்தபிறகும் பணியாமல் கும்பினியோடு மோதினார். அவரைப் பிடித்து 1805 ஜூலை 31ஆம் தேதி சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். டேனியல்களின் தொகுதி அப்போது இன்னும் முழுமையாக வெளிவந்து முடியவில்லை. ஒரு பக்கம் மலைக்கோட்டை படமாகிறது, மறுபக்கம் மலைக்கோட்டையில் தூக்குக்கயிறு ஏறுகிறது. ஆடிப் பதினெட்டன்று சங்ககிரிக்குக் கூட்டமாகப் போய் மாலை போடுகிற மக்கள் எந்த அக்வாடின்டையும் பார்த்தவர்கள் அல்லர். கோட்டை என்றால் என்ன என்று அவர்களுக்குப் படம் சொல்ல வேண்டியதில்லை.

நாமக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் நடுவே ஒற்றைப்பாறை, உச்சியில் கோட்டைமதில், பாறையின் இரு பக்கமும் எட்டாம் நூற்றாண்டில் அதியர்கள் குடைந்த நரசிம்மர் குகையும் அரங்கநாதர் குகையும். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மம், உலகளந்த திரிவிக்கிரமம் எல்லாம் அங்கே சுவரில் புடைத்து நிற்கின்றன. டேனியல்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த மலையைக் கையிலெடுத்த கலைஞர்கள் இங்கே இருந்தார்கள். மலையைத் தூரத்தில் நின்று பார்த்து அவர்கள் எழுதவில்லை. மலைக்குள்ளேயே போய் எழுதினார்கள். அந்தக் குகைகளில் ஒன்றுக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர் வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அரசன் பெயர் நின்றது. உளிபிடித்தவர்கள் பெயர் அங்கும் நிற்கவில்லை.

இனி நம் மலைகளுக்கும் ஒரு பிரெஞ்சு ஓவியருக்கும் ஏற்பட்ட தொடர்பைச் சொல்கிறேன். இது எனக்கு மிகவும் வியப்பான பகுதி.

பியேர் அந்துவான் மோன்ஜான் 1761இல் பிறந்த பாரிஸ் ஓவியர். நிலக்காட்சி எழுதுவார், செப்புத்தகட்டிலும் வேலை செய்வார், கல்லச்சு வந்தபோது அதையும் ஆரம்பத்திலேயே கையாண்டவர். புரட்சிக் காலத்திலிருந்து பல வருஷம் பாரிஸின் சலோன் கண்காட்சிகளில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. கண்காட்சிப் புகழால் அடுப்பு எரியவில்லையோ என்னவோ, ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில் ரிக்ஸ்ஹைம் என்ற ஊரில் ஜான் ஸூபர் நடத்திய தொழிற்சாலைக்கு ஓவியராகப் போய்ச் சேர்ந்தார். அங்கே செய்தது சுவரில் ஒட்டுகிற வால்பேப்பர். சாதாரணப் பூப்போட்ட காகிதம் அல்ல. ஒரு பெரிய அறையின் நான்கு சுவரையும் சுற்றிவரும் ஒரே தொடர்ச்சியான நிலக்காட்சி. ஒரு மூலையில் தொடங்கினால் கதவு தாண்டி, ஜன்னல் தாண்டி, மறுபடி அதே மூலைக்கு வந்துசேரும்வரை காட்சி அறுபடாது.

மோன்ஜான் 1804இல் முதலில் சுவிட்சர்லாந்துக் காட்சிகளைச் செய்துகொடுத்தார். அது நன்றாக விற்றது. அடுத்து 1807இல் ‘லிந்துஸ்தான்’, அதாவது இந்துஸ்தானம். மோன்ஜான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் எதிரே விரித்துவைத்துக்கொண்டது டேனியல்களின் அச்சுப்படங்கள். நெப்போலியன் இங்கிலாந்தின் சரக்கு எதுவும் ஐரோப்பாவில் இறங்கக்கூடாது என்று தடை போட்டிருந்த காலம் அது. ஆங்கிலேயப் படங்கள் பிரான்சின் சுவருக்கு ஏறுவதை அந்தத் தடையால் நிறுத்த முடியவில்லை.

அந்த வேலையின் அளவைப் பாருங்கள்: 20 நீளத் தாள்கள், 1,265 மரக்கட்டைகள், 85 நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாகக் கட்டை வெட்டி, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஒத்தி எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் சுங்குடிக்கும் சீட்டித்துணிக்கும் கட்டை அடித்தவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் அதன் கஷ்டம் உடனே புரிந்துகொள்வார்கள். அச்சுக்கட்டையின் விளிம்பு நூலளவு தவறினால் ஒரு கோபுரத்துக்கு இரண்டு நிழல் விழும்.

மோன்ஜான் செய்தது வெறும் பிரதி அல்ல. டேனியல்கள் எங்கே நின்று எந்த ஊரை எழுதினார்கள் என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தவர்கள். மோன்ஜானுக்கு அறைச்சுவர் முழுவதும் ஒரே காட்சியாக ஓட வேண்டும். அதனால் ஒரு சீமைக் கட்டடத்தையும் வேறொரு சீமைக் கட்டடத்தையும் அக்கம்பக்கத்தில் வைத்து, நடுவே மரமும் நீரும் யானையும் நிரப்பினார். பல நூறு மைல் தூரம் ஒரு முழத்தில் அடங்கிவிட்டது. ஊர்ப்பெயர்கள் கழன்றன. பாரமகாலில் பிடித்த பிடிவாதமான அளவுக்கோடு, ரிக்ஸ்ஹைம் சேரும்போது ஒரு பொதுவான கீழ்நாட்டுக் கனவாக மாறியிருந்தது. ஓவியராக அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிறங்களை அவர் அடுக்கியிருக்கும் விதம் அபாரம். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விருந்துக்கூடங்களில் உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்தவர்களுக்கு, அங்கே மழை பெய்யுமா, அறுவடை உண்டா, வரி எவ்வளவு, யாரோடு யார் போரிட்டார்கள் என்ற கேள்வியே எழுந்திருக்காது. அப்படி ஒரு கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதும் அந்தச் சுவரின் வேலையாக ஆகிவிட்டது.

மோன்ஜான் பிறகும் ரிக்ஸ்ஹைமுக்குப் பல பெரிய காட்சிகள் செய்துகொடுத்தார்: ஆர்க்கேடியா, இத்தாலிக் காட்சிகள், பிரெஞ்சுத் தோட்டங்கள். 1827இல் இறந்தார். ஸூபர் தொழிற்சாலை அதே ஊரில் இன்னமும் நடக்கிறது. அந்த ஊரிலேயே வால்பேப்பருக்கென்று அருங்காட்சியகமும் இருக்கிறது. பழைய கட்டைகளைக் கொண்டு ‘லிந்துஸ்தான்’ இன்றும் அச்சாகி விற்பனைக்கு வருகிறது. வாங்குகிறவர்கள் சொகுசு வீட்டுக்காரர்கள்.

வில்லியம் டேனியல் பிரிட்டன் தீவின் கடற்கரை முழுவதையும் சுற்றி 308 அக்வாடின்ட் படங்களை 1814க்கும் 1825க்கும் நடுவே வெளியிட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே இன்று அங்கே அவர் பெயர் நிலைத்திருக்கிறது. அவருடைய தம்பி சாமுவேல் இலங்கைக்குப் போய் அந்தத் தீவைப் படமாக்கினார். 1811இல் அங்கேயே இறந்துபோனார். வில்லியம் 1837இல் காலமானார். கைபிடித்துத் தொழில் பழக்கிய தாமஸ் அவரையும் வழியனுப்பிவிட்டு 1840இல், 91ஆம் வயதில், கல்யாணமே செய்துகொள்ளாமல் போய்ச் சேர்ந்தார்.

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, சங்ககிரி, நாமக்கல் கோட்டைகள் இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. ராயக்கோட்டைப் படத்தின் நல்ல அச்சு ஒன்றைப் பெரிதாக்கி மலையடிவாரத்தில் வைத்தால், ஏறப் போகிற பள்ளிப்பிள்ளைகள் எந்த மதில் அன்று நின்றது, எது இன்று இல்லை என்று தாங்களே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். டேனியல்கள் ஹாட்ஜஸின் படத்தைக் கையில் வைத்துச் செய்த காரியம்தான் அது. காப்புரிமை எல்லாம் காலாவதியான படங்கள். செலவு ஒரு பலகைச் செலவு. மாவட்ட நிர்வாகங்கள் மனம் வைக்க வேண்டும் என்று இந்தத் தொடரின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

டேனியல்கள் மலைகளை எழுதிக்கொண்டு போன அதே 1792இல் இன்னொரு கூட்டம் அந்த மலைகளின் அடியில் இறங்கிவிட்டது. அவர்கள் கையில் இருந்தது அளவுச்சங்கிலி. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் தர்மபுரிக்குத் தாமஸ் மன்றோவும், திருப்பத்தூர்ப் பக்கம் கிரகாமும், சேலத்துக்கு மெக்லியோடும் அமர்ந்து, ஒவ்வொரு வயலாக அளந்து ஒவ்வொரு குடியானவனுக்கும் தனித்தனியாகத் தீர்வை போடத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் நம் பாட்டன் பூட்டன்களின் நிலம் எப்படி ஏறியது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.